அதிகாரிக்குப் பக்கத்து இலை

ஆகஸ்ட் பதினைந்து என்றால் மற்றவர்களுக்குக் கொடி ஞாபகத்துக்கு வரும். எனக்கு வாழை இலைதான் வரும். பள்ளிக்கூடத்தில் பத்து வருடமாகக் கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது நான்தான். மிட்டாய் கொடுப்பதும், சுதந்திரம் சமத்துவம் என்று பேச்சு எழுதிக் கொடுப்பதும் நான்தான். அந்த இரண்டாவது வார்த்தை வரும்போது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கும். தயங்கிவிட்டு எழுதிவிடும். என் லட்சணம் அவ்வளவுதான்.

எங்கள் ஊர் சேலையூருக்குப் பக்கம். கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் உள்ளே நடக்க வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது வழியெல்லாம் நெல் வயல். எண்பதுகளில் அப்பாவும் சித்தப்பாவும் வயலைப் பிளாட் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். கல் நட்டார்கள், நகர் என்று பெயர் வைத்தார்கள், எங்கிருந்தெல்லாமோ வந்து வீடு கட்டிக்கொண்டார்கள். கிணற்றையும் மோட்டார் கொட்டகையையும் மட்டும் விற்கவில்லை. ஊருக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டிக் காலனி இருந்தது. எங்கள் வயல்களில் தலைமுறையாக வேலை செய்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். வயல் போயிற்று. யார் ஊர், யார் காலனி என்ற கணக்கு மட்டும் போகவே இல்லை.

அந்தக் காலனியிலிருந்து வந்து எங்கள் மோட்டாரைப் பார்த்துக்கொண்டவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்பா வயதுக்காரர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'மோட்டாரு'. அப்பா தோட்டத்துப் பக்கம் நின்று, "டேய் மோட்டாரு, தண்ணி ஏறலடா" என்று ஒரு குரல் கொடுப்பார். பாவாடை சட்டை போட்ட நாளிலிருந்து நானும் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அப்படிப் பேசக்கூடாது என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவர் என்னைப் பாப்பா என்பார்.

வருடத்தில் ஒருநாள் மட்டும் அப்பா அவரிடம் "வாங்க, ஒக்காருங்க" என்பார். அந்த நாள்தான் ஆகஸ்ட் பதினைந்து. அன்றைக்குக் கோயில்களில் சமபந்தி போடுவார்கள் இல்லையா, எங்கள் ஊர் ஈசுவரன் கோயிலிலும் உண்டு. கோயிலை ஒட்டிய கூடத்தில் பந்திப்பாய் விரித்து, ஊரும் காலனியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அரசாங்க அதிகாரி ஒருவர் ஜீப்பில் வருவார். போட்டோக்காரர் வருவார். அப்பாதான் தர்மகர்த்தா. அதிகாரிக்கு வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் மோட்டார்காரர். காலனியிலிருந்து வேறு பலரும் வந்து சாப்பிடுவார்கள், ஆனால் போட்டோவில் விழுகிற இலை அவருடையதுதான். இரண்டாவது தூணுக்கு எதிரே அவர் இடம். படத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஒரு வருடம் அப்பாவே அவருக்கு வெள்ளைச் சட்டையும் வேட்டியும் எடுத்துக் கொடுத்தார். அதை அவர் மற்ற நாளில் கட்டி நான் பார்த்ததில்லை. படம் எடுத்து, ஜீப் கிளம்பிய அரை மணி நேரத்தில் அவர் மறுபடி மோட்டாரு ஆகிவிடுவார். அப்பாவும் டேய் என்று ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு அதில் ஒரு விகல்பமும் தெரியவில்லை என்பதைத்தான் இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் நான் எங்கள் ஊர்ச் சமபந்தியைத்தான் பேசினேன். "ஒரே பாய், ஒரே சோறு, இதுவல்லவோ சமத்துவம்" என்று கையை ஆட்டி முழங்கினேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். பள்ளித் தொட்டிக்குத் தண்ணீர் விட வந்திருந்த மோட்டார்காரர் சுவரோரம் நின்று முழுசையும் கேட்டிருக்கிறார். சாயங்காலம் வழியில் பார்த்து, "இன்னாமா பேசிட்ட பாப்பா! அப்டியே நம்ம கோயிலு பந்தி கண்ணு முன்னால வந்துச்சு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த டிபன் பாக்ஸ் பல வருடம் வீட்டில் கிடந்தது.

எண்பதுகளின் கடைசியில், ஒரு வைகாசியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குரோம்பேட்டை, பாங்க் வேலை. கோயில் கூடத்திலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் காலனிக்குப் பத்திரிகை வைக்கிற வழக்கம் கிடையாது. சொல்லி அனுப்புவார்கள். பந்தியெல்லாம் முடிந்த பிறகு அவர்கள் குண்டானை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வருவார்கள், சோறும் குழம்பும் ஊற்றிக் கொடுப்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாயில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், மதியம், அப்பாவும் அம்மாவும் தாம்பரத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். நான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளின் மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். மோட்டார்காரர் தோட்டத்துக் கதவருகே வந்து, "பாப்பா, மோட்டாரு காத்து வாங்குது, அப்பா வந்தா சொல்லிடு" என்றார். எனக்கு அன்று ஏனோ உலகத்தில் எல்லோரையும் பிடித்திருந்தது. கல்யாணக் களை என்பார்களே, அதுவாக இருக்கலாம். எழுந்துபோய் ஒரு பத்திரிகையை அவர் கையில் கொடுத்தேன். "நீங்க வரணும். வந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவரை 'நீங்க' என்றேன்.

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கினார்.

"எங்க பாப்பா ஒக்கார்றது?" என்று கேட்டார்.

"கூடத்துலதான். வேற எங்க? ஆகஸ்ட் பதினைஞ்சுக்கு ஒக்கார்றீங்களே, அங்கயே ஒக்காருங்க."

"அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரே?"

"நான்தானே கூப்பிடறேன்."

இதைச் சொல்லிவிட்டு மஞ்சள் தடவ உட்கார்ந்துவிட்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்க வேண்டும். சொன்னால் திட்டுவார் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. மோட்டார் காற்று வாங்குவதை மட்டும் மறக்காமல் சொன்னேன்.

முகூர்த்தம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற பந்தி. என் பக்கத்தில் அத்தை. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அந்த வரிசையில்தான். இலையில் உப்பும் ஊறுகாயும் பாயசமும் வைத்துக்கொண்டே வந்தார்கள். அத்தை என் காதில், "சாப்ட்டு முடிச்சதும் இலைய உன் பக்கமா மடிக்கணும். தெரியும்ல? அந்தப் பக்கம் மடிச்சா சாவு வூட்டு சாப்பாடு. உன் மாமியாரு பாத்துக்கினே இருப்பா" என்றாள். நான் சிரித்தபடி நிமிர்ந்தேன். எதிர் வரிசையில், இரண்டாவது தூணுக்கு எதிரே, அவர் உட்கார்ந்திருந்தார்.

கஞ்சி போட்ட அந்த வெள்ளைச் சட்டை. மேல் பையில் மஞ்சள் மூலை தெரிய நான் கொடுத்த பத்திரிகை. வருடா வருடம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சோறு வருவதற்காகக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

சித்தப்பா அவரைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வேகமாக வந்து குனிந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"இன்னாடா இது? எவன்டா உன்ன இங்க ஒக்கார வச்சது?"

மோட்டார்காரர் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான்தான் கூப்பிட்டேன் என்று அவரே சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாரோ, நானே சொல்வேன் என்று நினைத்தாரோ தெரியாது. எங்கள் இரண்டு வரிசைக்கும் நடுவே பரிமாறுகிறவர்கள் நடக்கிற இடம்தான் இருந்தது. எட்டிக் கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்தார். "யாரு அவரு? உன்னையே பாக்கறாரே?" என்றார். அவர் நல்ல மனிதர், சும்மாதான் கேட்டார்.

"தெரியல" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மோட்டார்காரர் முகத்தைப் பார்த்தேன், கேட்டுவிட்டது. பத்திரிகையை நாலாக மடித்து மறுபடி பையில் வைத்தார். கையை ஊன்றி எழுந்தார். "அடுத்த பந்தியில பாத்துக்கலாம், போ" என்றார் சித்தப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி, பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி. அதே இடத்தில் யாரோ சொந்தக்காரரைக் கொண்டுவந்து உட்காரவைத்து, பழைய இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டார்கள். நான் சாப்பிட்டேன். இலையை என் பக்கமாக மடித்தேன். மாமியாருக்குத் திருப்தி.

மறுநாள் காலையில் மோட்டார் வழக்கம்போல ஓடியதாம். அம்மா பின்னால் சொன்னாள், "ஒண்ணும் மனசுல வச்சிக்கல, வந்துட்டான்" என்று. வராமல் எங்கே போவார் என்று அம்மாவுக்கும் தெரியும்.

ஆடிக்கு என்னை அழைத்து வந்தார்கள். புதுப்பெண் ஆடியில் அம்மா வீட்டில்தானே இருக்க வேண்டும். முதல் நாளே தோட்டத்துப் பக்கம் போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாக வார்த்தைகளைக் கூட்டி வைத்திருந்தேன். கொட்டகையிலிருந்து வெளியே வந்தவர், "நல்லாக்கீறியாம்மா?" என்றார். பாப்பா போய் அம்மா வந்துவிட்டிருந்தது. "இருக்கேன்" என்றேன். அவர் சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தார். கூட்டி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

ஆடி முடிகிற சமயத்தில் ஆகஸ்ட் பதினைந்து வந்தது. காலையில் அப்பா அவரிடம், "வெள்ளச் சட்டைய போட்டுக்கினு வந்துடு" என்றார். அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்தார். ஜீப் வந்து நின்றதும் அப்பா, "வாங்க, ஒக்காருங்க" என்று தூணுக்கு எதிரே கையைக் காட்டினார். அதிகாரி நடுவில், அப்பா வலப்பக்கம், அவர் இடப்பக்கம். வைகாசியில் எழுப்பிய அதே இடம். பரிமாறுகிறவர்களில் சித்தப்பாவும் இருந்தார், மோட்டார்காரர் இலைக்குக் கூட்டு வைத்தார், சிரித்த முகத்தோடு.

புதுப்பெண் கையால் கேசரி வைக்கட்டும் என்று அத்தை என் கையில் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டாள். அதிகாரிக்கு வைத்தேன். அடுத்த இலைக்கு வந்து ஒரு கரண்டி வைத்தேன். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றேன். அதற்குத்தான் எனக்குத் தைரியம் இருந்தது. போட்டோக்காரர், "இப்டி பாருங்க, சிரிங்க" என்றார். மோட்டார்காரர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு குனிந்து, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கேசரியையும் சாப்பிட்டார்.

அதிகாரி எழுந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் கைகழுவத் தண்ணீர் காட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார்கள். மோட்டார்காரர் உட்கார்ந்தே இருந்தார். அவசரமே இல்லாமல் இலையின் ஓரத்தைப் பிடித்தார். தன் பக்கமிருந்து தூக்கி, எதிர்ப்பக்கமாக, அந்தப் பக்கமாக மடித்தார். ஒரு தடவை அழுத்தியும் விட்டார். அதிகாரிக்கு இதெல்லாம் தெரியாது. ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

புரட்டாசியில் அவர் கொட்டகைச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு எங்கோ கட்டட வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் அந்த இலைக்கு வேறு ஒருவரைப் பிடித்தார்கள். சட்டை புதுசாக எடுக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் கடிதத்தில் தெரிந்துகொண்டது. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. என்னுடைய கடைசிப் பார்வை அந்தக் கூடத்தில்தான்.

அன்று இலையை மடித்துவிட்டு அவர் எழுந்து வாசலுக்குப் போனார். நான் கேசரிப் பாத்திரத்தோடு அந்த இலைக்கு முன்னால் நின்றேன். சித்தப்பா திரும்பி வருகிற சத்தம் கேட்டது. சட்டென்று குனிந்து, அந்த இலையைப் பிரித்து, சாப்பிட்டவர் பக்கமாக, நல்ல காரியத்துக்கு மடிக்கிறபடி மாற்றி மடித்து வைத்தேன். சித்தப்பா பார்த்தால் அவரை அடிப்பார், அவருக்காகத்தான் செய்தேன் என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எங்கள் வீட்டு மானத்துக்காகத்தான் செய்தேன். வாய் திறக்காமலே அவர் சொன்னது அது ஒன்றுதான், அதையும் நான் அழித்தேன்.

நிமிர்ந்தபோது, செருப்பை மாட்டிக்கொள்ள வாசலில் திரும்பியவர், என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.