ஓரத்துக்கு வெளியே ஒரு புள்ளி

திருடினேன். கண்மணியின் யோசனையைத் திருடினேன்! அதை என்னுடையது என்று சொல்லிக் கைதட்டும் வாங்கினேன்.

நாற்பத்தாறு வயதில் நான் ஆய்வு மாணவன். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு அலைகிறவன். ஆவடிப் பக்கம், கணித ஆய்வு மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒரு பருவம் முழுக்க ஒரே கணக்கோடு கட்டிப்போடும் திட்டமொன்று. எனக்கு வாய்த்த கூட்டாளிதான் கண்மணி. இருபத்துநான்கு வயது, தொழிற்சாலைக் குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள்.

எவ்வளவு ஆனந்தமான மாதங்கள்! கரும்பலகை சலித்தால் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நடப்போம். சுண்டல் மடித்த தாளில் புள்ளி வைப்போம், கோடு இழுப்போம். கோட்டால் இணைந்த புள்ளிகளுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. எத்தனை நிறம் போதும்? அதுதான் கணக்கு. சிரித்துச் சிரித்துத் தோற்றோம்.

ஒரு மாலை அவள் கேட்டாள்: “அண்ணே, வெளிய புதுசா ஒரு புள்ளி வெச்சி, ஓரத்துல கீற புள்ளி எல்லாத்தையும் அதோட கோத்துட்டா இன்னா?”

“கணக்குலயே இல்லாத புள்ளி எங்கேர்ந்தும்மா வரும்? பேசாம வாசல்ல கோலம் போடப் போ!”

“கலாய்க்காதீங்கண்ணே... சரி, வுடுங்க!” சிரித்தபடி தாளைக் கசக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, சும்மா அந்தப் புள்ளியை மனதுக்குள் வைத்துப் பார்த்தேன்... கணக்கு பூப்போல அவிழ்ந்தது! ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குதித்தேன். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை, நம்புங்கள்.

மறுநாள் எல்லோர் முன்னும் எழுதிக் காட்டினேன். “எப்படித் தோணுச்சு?” என்றார் ஒருங்கிணைப்பாளர். “துணி காயப்போடும்போது, சார்!” அரங்கமே சிரித்தது. பொய்யா அது? பாதி உண்மைக்கு வேறு என்ன பெயர்?

முதலில் கைதட்டியவள் கண்மணி. வெளியே வந்ததும், “செமண்ணே! நான் சும்மா உளறுனேன்... நீங்க அத்த கணக்காவே ஆக்கிட்டீங்க!” என்றாள். உளறலில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சமோசா வந்தது. வாய் வேறு வேலைக்குப் போய்விட்டது.

பிறகு வெளியான ஆய்வுக் கட்டுரையில் இருவர் பெயரும் அகரவரிசையில் வந்தன. எங்கள் துறையின் வழக்கம் அது. எது யாருக்குத் தோன்றியது என்று ஒரு வரியும் சொல்லாது. எவ்வளவு வசதி!

கடைசி நாளன்று சொன்னாள்: “ஐடி கம்பெனில சேர்றேண்ணே. ஆராய்ச்சிலாம் உங்கள மாரி சொந்தமா தோணுறவங்களுக்கு. எனக்குத்தான் ஒண்ணும் தோணலையே!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தோன்றியது உனக்குத்தானம்மா... அவ்வளவு சொன்னால் போதும். ஒருவேளை ஆராய்ச்சியிலேயே நின்றிருப்பாள்.

“வாழ்த்துகள்மா” என்றேன்.

இன்றும் பண்டிகைதோறும் செய்தி அனுப்புகிறாள்: “அடுத்து இன்னாண்ணே கண்டுபுடிச்சீங்க?” நான் ஒரு சிரிப்புப் படம் அனுப்புகிறேன்.

அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்!