நல்லுசாமி வாங்கிய ஆயிரத்து நானூறு ரூபாய்க் கம்பு

வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த சரோஜம்மாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிழவர்களையும் கரையில் நிறுத்திக் கத்தினாள்.

"உங்க சண்டையில என் காதே போச்சு. விட்ட மீன் குஞ்சையெல்லாம் ஒரு பெரிய விரால் தின்னுகிட்டு இருக்குது. அடுத்த ஞாயித்துக்கிழமை எவரு அதப் புடிக்கிறாரோ, அவரு மட்டும் இங்க தூண்டி போடட்டும். இன்னொருத்தரு இந்தக் கரைப் பக்கமே தலை காட்டக் கூடாது."

ஒருவர் நல்லுசாமி. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் ஜூஜுவாடியில் சொந்தமாக ஸ்பிரிங் பட்டறை போட்டு, பதினெட்டுப் பேருக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்கிறவர். அதில் மூன்று பேர் டிப்ளமோ படித்தவர்கள். இந்த ஏரியில் ஆறு வருடமாகத் தூண்டில் போடுகிறார்.

இன்னொருவர் மாதவன். ரிடையர் ஆனபின், போன வருடம்தான் இங்கே வந்தார். முப்பது வருடத்துக்கு முன்னால், நல்லுசாமி கூலியாக இருந்த கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து போகிறவரைக் கேட்டில் மறித்து, ஸ்பிரிங் திருடுகிறான் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கவிழ்க்க வைத்தவர். மண்ணில் விழுந்தது மிச்சமிருந்த அரைக் களி உருண்டை. மாதவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சரி, போ" என்றார். நல்லுசாமி மறுநாள் அந்தக் கேட்டை மிதிக்கவில்லை.

அப்படிப்பட்ட ஆளுக்கு ஏரியை விட்டுக்கொடுப்பதா?

நல்லுசாமியின் பழைய தூண்டில் கம்பு விரிசல் விட்டிருந்தது. புதன்கிழமை ஓசூரில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்குப் போனார்.

"கிராங்க் பெயிட் போடணும். ஸ்பின்னிங் ராடு காட்டு."

கிராங்க் பெயிட் என்பது பிளாஸ்டிக் மீன். மூக்கில் ஒரு தகடு இருக்கும். இழுத்தால் முங்கி, உடம்பை ஆட்டிக்கொண்டு ஓடும். வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் தொங்கும்.

"கார்பன் எடுங்க பெரியவரே. எட்டாயிரத்து ஐநூறு. விறைப்பா நிக்கும். மாதவன் சாரே இதத்தான் வாங்கிட்டுப் போனாரு."

"அவரு வாங்குனா? அவரு கட்டுற வேட்டியா நான் கட்டுறேன்? அந்த மூலையில கெடக்கறத எடு."

"அது ஃபைபர் கிளாஸுங்க, ஆயிரத்து நானூறு. தொளதொளன்னு வளையும். புதுசா கத்துக்கறவங்க வாங்கறது."

நல்லுசாமி மேஜைமேல் இருந்த கடைப் பூட்டை எடுத்து, நூலில் கட்டி, இரண்டு கம்பின் நுனியிலும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டார். கார்பன் நுனியில் ஒரு சாண் மட்டும் வளைந்து, மற்றதெல்லாம் முறைத்துக்கொண்டு நின்றது. ஃபைபர் கிளாஸ் கம்பு பாதி வரைக்கும் சீராக வளைந்தது. பூட்டை எடுத்ததும் பதறாமல் நிமிர்ந்தது.

எது எவ்வளவு வளையும் என்று பார்த்தே சோறு தின்ற மனிதர் அவர். ஓடுகிற பெயிட்டை மீன் உதட்டோரம்தான் கவ்வும். விறைத்த கம்பு அந்த நொடியே முள்ளைப் பிடுங்கிவிடும். கொஞ்சம் இடம் கொடுக்கிற கம்புதான் முள்ளை உள்ளே இறங்க விடும். இதைத் தெரிந்துகொள்ள காலேஜ் வேண்டியதில்லை. நூல் ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டு உருவிப் பார்த்தார். எங்கேயும் பிசிறு மாட்டவில்லை.

"அப்புறம் சரியில்லன்னு வந்தா திருப்பி எடுக்க மாட்டேன்."

"திருப்பிக் குடுக்க வர்ற மூஞ்சியாடா இது?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதவன் கம்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன நல்லு, மாடு ஓட்டுற குச்சியா? காசு இல்லன்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"உங்ககிட்டக் கேட்டதெல்லாம் ஒரு காலம். தண்ணியப் பாருங்க சார்."

ஒன்பது மணிக்கு மாதவனின் நூல்தான் முதலில் வெடுக்கென்றது. அவர் இழுத்த இழுப்பில் பெயிட் தண்ணீரைக் கிழித்து வந்து பின்னால் வேலிமுள்ளில் மாட்டியது. மீன் இல்லை. அரை மணி கழித்து மறுபடி அதே கதை.

"சனியன் புடிச்ச மீனு!"

"மீனத் திட்டாதீங்க. கையில புடிச்சிருக்கறதத் திட்டுங்க."

பத்தரைக்கு நல்லுசாமியின் கம்பு பாதிக்கு வளைந்தது. விரால் எகிறித் தலையை உதறியது. கம்பும் கூடவே தலையாட்டியது. முள் நழுவவில்லை.

"இழுய்யா! விடாத, இழு!" மாதவன் பழக்கதோஷத்தில் அதட்டினார்.

"வாய மூடு... ங்க!" என்றார் நல்லுசாமி, ரீலைச் சுற்றியபடி. தோள் கழன்றுவிடும்போல இருந்தது. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார்.

சரோஜம்மாள் தராசில் போட்டாள். நாலேகால் கிலோ. மாதவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சாமானைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தார்.

ஒற்றையடிப் பாதையில் நல்லுசாமி குறுக்கே நின்றார்.

"பையத் தொறங்க சார்."

"எதுக்கு?"

"வெளிய போறீங்கல்ல. செக் பண்ணணும்."

"வேணாம் விடுங்க பெரியவரே," என்றாள் சரோஜம்மாள். நல்லுசாமி நகரவில்லை.

மாதவன் அவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பழைய கேட் ஞாபகம் வந்துவிட்டது என்பது அவர் கழுத்து சிவந்ததிலேயே தெரிந்தது. ஜிப்பை இழுத்தார். ரீல், பெயிட் டப்பா, இரண்டு சப்பாத்தி, மாத்திரை அட்டை.

நல்லுசாமி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எதையும் கொட்டவில்லை. பிறகு, அதுவரை சார் என்று மட்டுமே அழைத்திருந்த அந்த மனிதருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"சரி, போ."