கடைசிப் பக்கத்துப் பேராசிரியர்

எந்த ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்தாலும் பேராசிரியர் அதைக் குப்புறக் கவிழ்த்துக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். யார் யாருடைய ஆய்வை எடுத்தாண்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். ஆட்காட்டி விரல் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வரும். தன் பெயர் தட்டுப்பட்டால், "பரவாயில்லையே, விஷயம் தெரிஞ்ச பயல்!" தட்டுப்படாவிட்டால், இன்னும் நிறையப் படிக்க வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத வேலை. "கல்யாணப் பத்திரிகையைக்கூட இவர் பின்னாடி திருப்பித்தான் பார்ப்பாரு" என்பாள் மனைவி.

கணினித் திரையில் ஒரு படம் வைத்திருக்கிறார். புள்ளிகளும் கோடுகளும். நடுவில் உப்பிக் கிடக்கும் புள்ளி அவர். சுற்றிலும் ஐந்து ஊர்களில் ஐந்து நண்பர்கள். "நான் அவனைச் சொல்லுவேன், அவன் என்னைச் சொல்லுவான். ஆராய்ச்சி உலகம்னா இதுதான்." ஆறு பேர் வட்டமாக நின்று ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்ள இத்தனை மின்சாரம் செலவாகிறது.

அவர் பேர் சொல்லும் கட்டுரை ஒன்றே ஒன்றுதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எத்தனை வருடத்தில் துருப்பிடிக்கும் என்பதற்கு ஒரு சூத்திரம். இதுவரை தொண்ணூற்றெட்டுக் கட்டுரைகள் அதை எடுத்தாண்டிருக்கின்றன. அறையின் வெள்ளைப் பலகையில் 98 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வருடக் கடைசிக்குள் நூறைத் தொட்டால் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலி அவருக்கு.

அந்தப் பலகைக்கு முன்னால்தான் அவருடைய ஆய்வு மாணவி வந்து நின்றாள். ஆறு வருட உழைப்பு கையில். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். கட்டுரை சொன்னதோ, அவருடைய சூத்திரமே தப்பு என்று. நாற்பது வருடம் தாங்கும் என்று அவர் கணக்கு சொல்லும் பாலம் இருபதிலேயே இற்றுவிடும். அவள் நீட்டியதை வாங்கி, அவர் வழக்கம்போலக் குப்புறக் கவிழ்த்தார்.

விரல் பட்டியலில் இறங்கித் தன் பெயரில் வந்து நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

"சார், அது... உங்க சூத்திரம் தப்புன்னு சொல்றதுக்காகத்தான் போட்டிருக்கேன்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட மனிதர் என்று மதித்திருக்கலாம்.

"அதனால என்னம்மா? திட்டினாலும் கணக்குல ஏறும். இதையே ரெண்டா வெட்டி, ரெண்டு கட்டுரையாக் கொண்டு வா. ரெண்டுலயும் நான் தப்புன்னு சொல்லிடு. கையெழுத்துப் போட்டுடறேன்."

"சார், அந்தப் பாலமெல்லாம்..."

அவர் எழுந்து போய், 98-ஐ உள்ளங்கையால் அழித்து, 100 என்று எழுதி, நாலடி தள்ளி நின்று அழகு பார்த்தார்.