சீனத்து வேரும் பிளேன் டீயும்

பதுளை பஸ் நிலையத்தில் சீனத்து ஜின்செங் வேர் விற்றவரை இன்னும் மறக்கவில்லை. வெள்ளைக் கோட்டும் ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். நோஞ்சான் கைக்குழந்தையைப் போல அந்த வேரை இரு கைகளிலும் ஏந்தியபடியேதான் பேசுவார்.

“மெல்லிசா சீவி, மண்சட்டியில சிறுதீயில வேக வைங்க. அசதி பறந்துரும். ஆனா தேத்தண்ணி மட்டும் தொடக்கூடாது. வேரோட சக்திய முறிச்சிரும்.”

கேட்டு நின்றவர்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பத்தியம் உண்டா? ஓர் அம்மா தேத்தண்ணியையே விட்டுவிடுவதாகச் சொல்லிப் பொட்டலம் வாங்கினார்.

கூட்டம் கலைந்ததும் வேர் விற்றவர் பக்கத்துக் கடையில் பால் சேர்க்காத பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க மட்டும் குடிக்கலாமாங்க?” என்றேன்.

“பேசிப் பேசி அசந்துட்டேங்க. வேரு வேலை செய்ய மாசக்கணக்காகும். மொனராகலை பஸ்ஸு இப்பவே வந்துரும், அதுல வர்றவங்ககிட்டயும் பேசணும்.”

மருந்து விற்றவர்களில் என்னிடம் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.