பெருமாள் அண்ணனின் தோளில் இருந்த கை

1. நான், சந்திரசேகரன் த/பெ இராமையா, மலாக்கா தெங்கேராவில் நெடுங்காலமாக வழக்கறிஞர் தொழில் நடத்தி வருபவன்.

2. காலஞ்சென்ற ஓட்டவீரர் பெருமாள் எனக்கு உறவினர் அல்லர். விளையாட்டுப் புகழ்க்கூடத்தின் தேர்வுக்குழு முன் அவருக்காகப் பேசித் தோற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

3. நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

செய்தி வந்தபோது நான் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அழைத்தவர் பெருமாள் அண்ணனின் மனைவி ராஜம்மா அக்கா. “தம்பி, தேத்தண்ணி கலக்கி வெச்சிட்டு எழுப்புனேன். எழுந்திரிக்கல. நீங்க வாங்க” என்றார். மீன்காரர் நீட்டிய பையை வாங்காமலே பத்து பெரண்டாம் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டேன். நான் போனபோது அந்தத் தேநீர் மேசைமேல் மூடியபடியே இருந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிறந்த விளையாட்டாளர்களின் படங்களை மாட்டியிருக்கும் அந்தக் கூடத்தில், நுழைந்தவுடன் இடப்பக்கச் சுவரில் பெருமாள் அண்ணனின் படம் இருந்தது. சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, நாட்டைப் பிரதிநிதித்து ஓடியவர் அவர். மாநிலத் தொடர் ஓட்டத்தில் வென்ற அன்று எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் உண்மையில் இருவர் நின்றிருந்தனர். மற்றவர் புகழ்க்கூடத்துக்குத் தேர்வு பெறாதவர். ஆகவே அவரை வெட்டி நீக்கிவிட்டுச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஆனால் அவர் தம் கையை நண்பரின் தோளில் போட்டிருந்தார். அதை மட்டும் வெட்ட முடியவில்லை. நான்கு விரல்கள் அங்கேயே தங்கிவிட்டன.

ஒருமுறை நானும் உடனிருக்க, பள்ளிப் பிள்ளைகள் சிலர் அந்த விரல்களைப் பார்த்துப் பெருமாள் அண்ணனிடம், “அங்கிள், இது பேய்க் கையா?” என்று கேட்டார்கள்.

“பேய் இல்லடா. என்னையவிட வேகமா ஓடுனவன். பேரு கதிர்வேலு. எங்க, சத்தமா சொல்லுங்க!”

பிள்ளைகள் கத்தினார்கள். காவலாளி எட்டிப் பார்த்தார். அந்தக் கூடத்தில் கதிர்வேலுவின் பெயர் ஒலித்தது அப்படி மட்டும்தான்.

கதிர்வேலுவை நான் பார்த்ததில்லை. இது பெருமாள் அண்ணன் சொல்லக் கேட்டது. இருவரும் ஒரே தோட்டத்துக்காரர்கள். தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாகக் கதிர்வேலு ஓடுவார். அவரிடம் பேட்டனை வாங்கிக் கடைசியாக இவர் ஓடுவார். தேசியப் பயிற்சிக்கு இருவருக்கும் அழைப்பு வந்த சமயத்தில் கதிர்வேலு இராணுவத்தில் சேர்ந்தார். “நீ நேரா ஓடுடா, நான் காட்டைச் சுத்திட்டு வந்து பிடிக்கிறேன்” என்று சொல்லி லாரியேறினாராம். வட எல்லைக் காட்டில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் சிக்கி இறந்தார்.

“சிப்பாய்ங்களுக்கு வெச்ச கல்லுல அவன் பேரு இருக்கு, தம்பி” என்பார் பெருமாள் அண்ணன். “அங்க போறவனுக்கு அவன் ஓடுனது தெரியாது. இங்க வர்றவனுக்கு அவன் இருந்ததே தெரியாது.”

அதனால்தான் தேர்வுக்குழுவிடம் போனோம். நாட்டுக்காக உயிரைக் கொடுத்த விளையாட்டாளரை, அந்தத் தியாகத்தையும் கருதிப் புகழ்க்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று வாதிட்டேன். குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டார். “இறந்த விதத்தை வைத்து ஓடிய வேகத்தைக் கூட்டச் சொல்கிறீர்கள். அவருக்கு இடம் கொடுத்தால், நோயில் முடங்கியவருக்கும் விபத்தில் போனவருக்கும் என்ன பதில் சொல்வது? போர்வீரர்களை மதிக்க வேறு இடம் இருக்கிறது” என்றார். அது மூடத்தனமான வாதம் அன்று. இன்றுவரை அதற்கு முழுமையான மறுப்பு என்னிடம் இல்லை. மனு தள்ளுபடியானது.

வெளியே நடைபாதையில் பெருமாள் அண்ணன் என்மேல்தான் கோபித்தார்.

“நீங்க ஏன் தியாகம் தியாகம்னு பெருசா பேசுனீங்க? அவன் செத்ததுக்கா நான் மெடல் கேட்டேன்? ஓடிக்கிட்டு இருந்தவன் ஏன் அதுக்கு மேல ஓடலன்னு என் படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதச் சொன்னேன். ஒரு வரி லா, தம்பி!”

அந்த ஒரு வரியையும் கேட்டோம். ஒருவர் படத்தின் கீழ் இன்னொருவரைப் பற்றி எழுத விதியில் இடமில்லை என்றார்கள். அன்று வீட்டில், தம் படத்தையும் இறக்கிவிடச் சொல்லப்போவதாகக் குதித்தார்.

“ஆமா, எறக்கிக் கொண்டாங்க. இங்க துணி காயப்போடவே எடமில்ல, இவரு படத்தை எங்க மாட்டுறது?” என்றார் ராஜம்மா அக்கா.

நான் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டினேன்: படம் இறங்கினால் அந்தக் கையும் இறங்கிவிடும். குதித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, “அப்ப இருக்கட்டும். அவன் கைக்காக நான் அங்க நிக்கிறேன்” என்றார். அதன்பின் அவர் அந்தக் கூடத்துக்குப் போவதும் வருவதும் அந்தக் கைக்காகவே இருந்தது.

இறுதிச் சடங்கன்று புகழ்க்கூடம் மரியாதையாகப் பெரிய பதாகை ஒன்றை அனுப்பியிருந்தது. அதே படம், புதிதாக அச்சிட்டது. கதிர்வேலுவின் தங்கை அஞ்சலை சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருந்தார். பதாகை முன் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் பார்த்தார்.

“அண்ணன் கை எங்க?” என்றார்.

தோள் வெறுமையாக இருந்தது. ராஜம்மா அக்கா பதாகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவர் அழுதார்.

கருமாதி முடிந்ததும் புகழ்க்கூடத்துக்குப் போனேன். சுவரில் இருந்த படமும் மாற்றப்பட்டிருந்தது. அலுவலில் இருந்த இளம்பெண் மிகப் பணிவானவர். “யாரோட கைன்னு தெரியல அங்கிள். பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு. மரியாதையா இருக்கட்டும்னு கம்ப்யூட்டர்ல எடுத்துட்டோம். இப்ப கிளீனா இருக்கு லா” என்றார். பழைய படத்தைக் கேட்டேன். குப்பையோடு போய்விட்டது என்றார். வெட்டப்படாத முழுப்படம், தோட்டத்து வீடுகளை இடித்தபோதே காணாமற்போனது.

யார்மீதும் நான் குற்றம் சாட்டவில்லை. விதி மீறப்படவில்லை, தீய நோக்கம் இல்லை, மேல்முறையீடு செய்ய இடமும் இல்லை. அந்தக் கை யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இருந்த ஒரே மனிதரை எரித்துவிட்டு வந்திருக்கிறோம். இதைப் படிக்கும் எவரும் அந்த ஒரு வரியை எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பெருமாள் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு சாட்சியம். அவருடைய இடது தோளில் ஒரு கை இருந்தது. அது கதிர்வேலுவின் கை. அதை என் கண்ணால் பார்த்தேன். என்னோடு பார்த்தவர்களின் பெயர்களைக் கீழே தருகிறேன். எங்கள் மூவருக்குமே வயதாகிவிட்டது.

மேற்கண்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(ஒப்பம்)
சந்திரசேகரன் த/பெ இராமையா
தெங்கேரா, மலாக்கா

சாட்சிகள்:
ராஜம்மா த/பெ முனுசாமி, பெருமாளின் மனைவி (ஒப்பம்)
அஞ்சலை த/பெ காளியப்பன், கதிர்வேலுவின் தங்கை (கைநாட்டு)