‘எனி பொசிஷன்’ என்று சொன்ன டிஃபெண்டர்

1. டிரயல்

காலை ஆறு ஐம்பது. மைதானத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. சிமெண்ட் காய்ந்து ஒட்டிய அந்த ஷூக்கள் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர் மைதானத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். சோனாப்பூர் லேபர் கேம்பிலிருந்து சைட்டுக்குப் போகும் கம்பெனி பஸ் அவரை வழியில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. மற்றவர்கள் வர இன்னும் நேரமிருந்தது.

துபாய் ஜெபல் அலியில் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற செயற்கைப் புல் மைதானம் அது. நான் அங்கே ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர். கேம்ப், மெஸ், மெடிக்கல், லீவு டிக்கெட் எல்லாம் என் மேஜைக்கு வரும். கம்பெனி ஃபுட்பால் டீமின் மேனேஜர் பதவியும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் ஒரு நாளும் பந்தை உதைத்தவள் இல்லை. துபாய்க்கு வருமுன் நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சப் எடிட்டராக இருந்தேன். அந்த ஒரு காரணத்துக்காக என் தலையில் கட்டினார்கள்.

எங்கள் லீக்கில் ஆறு கம்பெனிகள். குளிர்காலம் தொடங்கும்போது வெளி ஆட்களுக்கு ஒரு டிரயல் நடக்கும், அதே வாரத்தில் டிராஃப்ட். இது ஏலம் இல்லை. ஆறு மேனேஜர்களும் ஒரு ரூமில் உட்கார்ந்து, முறை வைத்து, ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்ன பெயரை அடுத்தவர் சொல்ல முடியாது. முதல் ரவுண்டில் எடுக்கிற ஆளுக்கு அந்தக் கம்பெனி வேலையும் புது விசாவும் தர வேண்டும். இரண்டாவது ரவுண்டில் எடுக்கிற ஆளுக்கு ஒரு ஜெர்சியும் மேட்ச் அன்றைக்குச் சாப்பாடும். முதல் ரவுண்டுக்கும் இரண்டாவது ரவுண்டுக்கும் நடுவில் ஓர் ஆளின் பிழைப்பு இருக்கிறது.

சேஃப்டி ஷூக்காரர் பெயர் ஜெனிஷ். கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம். காலேஜ் டீமில் டிஃபெண்டர், யுனிவர்சிட்டி வரைக்கும் ஆடியவர். இங்கே கட்டட கம்பெனியில் ஹெல்பர். அவர் வேலை பார்த்த சைட் முடிகிற நேரம். கான்ட்ராக்ட் மாதக் கடைசியில் முடிகிறது, எல்லோரையும் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று பெயர் கொடுக்கும்போதே சொன்னார்.

எங்கள் கோச் கந்தீபன் அவரிடம் கேட்டார். “தம்பி, எந்த பொசிஷன்?”

“எனி பொசிஷன் சார்.”

எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் நிறுத்தினார்கள். முதலில் லெஃப்ட் பேக், பிறகு சென்டர் பேக். ஒரு கோல்கீப்பர் வரத் தாமதமானதால் சிறிது நேரம் கோலிலும் நின்றார். அதையும் முகம் சுளிக்காமல் செய்தார். இரண்டாம் பாதியில் ஒருவருக்குக் கால் பிசகியபோது, பின்வரிசைக்கு முன்னால், நடுவில் போய் நின்றார்.

2. மூன்று பேர், மூன்று இடம்

மறுநாள் மத்தியானம் கம்பெனி கேன்டீனில் நாங்கள் மூன்று பேர். கந்தீபன் யாழ்ப்பாணத்துக்காரர், ஃபோர்க்லிஃப்ட் சூப்பர்வைசர். ராஜமாணிக்கம் சார் திருநெல்வேலி, ஆபரேஷன்ஸ் மேனேஜர். டீமின் கடைசி முடிவு அவருடையது. அந்த வருடம் லீக்கின் செயலாளரும் அவரே.

“லெஃப்ட் பேக். இதுல பேச என்ன இருக்கு?” என்றார் சார். “இடது கால் பையன் எங்க கிடைக்கான்? ஓடுதான், கிராஸ் போடுதான்.”

“என்ன சார் கதைக்கிறியள்? அந்த உயரத்துக்கு அவன் சென்டர் பேக். தலையால அடிக்கிற பந்து ஒண்டும் தவறேல்ல. பெடியனைக் கொண்டுபோய் லைனில விட்டா வீணாப் போயிடுவான்.”

“அம்மா, நீங்க சொல்லுங்க. பேப்பர்ல இருந்தவங்க” என்றார் சார் என்னிடம்.

நாளிதழில் இருந்தபோது டிஃபெண்டர் பெயர் என் பக்கத்தில் வருவது மிக அபூர்வம். கோல், அடித்தவர், எத்தனையாவது நிமிடம் என்று மூன்று வரியில் மேட்ச் முடிந்துவிடும். டிஃபெண்டர் பெயர் வேண்டுமென்றால் அவர் செல்ஃப் கோல் போட வேண்டும். அந்தப் பழக்கத்தை உடைத்தவர் கந்தீபன்தான். “பந்தைப் பாக்காதேங்கோ அக்கா. பந்து இல்லாத பக்கம் ஆர் என்ன செய்யினம் எண்டு பாருங்கோ” என்று முதல் சீசனில் சொன்னார். அன்றிலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன்.

நான் பார்த்ததைச் சொன்னேன். டிரயலில் எல்லோரும் கண் வைத்திருந்த ஆள் மலப்புரத்து ஸ்ட்ரைக்கர் ஷாஃபி. முதல் பாதியில் ஷாஃபி நடுவில் நின்றுதான் பந்து வாங்கினார். ஜெனிஷ் பின்வரிசைக்கு முன்னால் வந்து நின்ற பிறகு ஷாஃபி மெல்ல வலது ஓரத்துக்கு நகர்ந்துவிட்டார். கடைசி வரை திரும்பி வரவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. நடுவில் அவருக்குப் பந்து வரவில்லை.

“அப்போ மிட்ஃபீல்டா?” என்றார் சார். “மூணு பேரு மூணு இடம் சொல்லுதோம். அவனைக் கேட்டா எனி பொசிஷன்ங்கான். நம்ம வேர்ஹவுஸ்ல எல்லா வேலையும் தெரியும்ங்கிறவனுக்கு என்ன கேட்டகரி?”

“ஹெல்பர்” என்றேன்.

“அவ்வளவுதான். மத்த அஞ்சு கம்பெனிக்காரனும் அப்படித்தான் நினைப்பான். அவன் ரெண்டாவது ரவுண்டுக்கு வந்துருவான். நாம மொத ரவுண்டுல ஷாஃபியை எடுப்போம், ரெண்டாவதுல இவனை. ரெண்டு பேரும் நம்ம கையில.”

“ரெண்டாவதுல எடுத்தா விசா இல்லையே சார். மாசக் கடைசியில ஊருக்குப் போயிருவானே” என்றேன்.

“ஒரு விசிட் விசா போட்டு வச்சுக்குவோம். சீசன் ஆடட்டும். அப்புறம் பாப்போம்.”

‘அப்புறம் பாப்போம்’ என்ற வார்த்தையை நம்பி, வேலை பார்க்க உரிமையில்லாத விசிட் விசாவில் நின்று மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என் மேஜைக்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும். தட்டில் இருந்த அப்பளத்தை ஒடித்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார்.

3. பேச வந்தவர்

டிராஃப்டுக்கு முன் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசலாம் என்பது வழக்கம். செவ்வாய்க்கிழமை டியூட்டி முடிந்து ஜெனிஷ் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கந்தீபனும் நானும் எதிரில்.

“எந்த இடத்தில ஆட விருப்பம்?” என்று கந்தீபன் கேட்டார்.

“எங்க சொன்னாலும் ஆடுவேன் சார்.”

“எனி பொசிஷன் எண்டு ஒரு பொசிஷன் கிரவுண்டில இல்லயடாப்பா.”

ஜெனிஷ் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க நாகர்கோவிலா அக்கா? பேச்சு அப்படி இருக்கு” என்றார். ஆமாம் என்றதும் குரல் மாறியது. “ஏஜென்ட் சொல்லித் தந்தது அக்கா. இன்டர்வியூல என்ன கேட்டாலும் எனி ஒர்க் சார்னு சொல்லணும், ஒண்ணு மட்டும் தெரியும்னு சொன்னா ஃப்ளைட் ஏறவே முடியாதுன்னான். மும்பையில எங்க லைன்ல நின்ன எல்லாரும் அதத்தான் சொன்னோம். அதுல எனக்கு ஷட்டரிங், கம்பி கட்டுறது, எல்லாம் கிடைச்சுது. சம்பளம் மட்டும் ஹெல்பர்.”

“அது சைட். இது ஃபுட்பால்” என்றார் கந்தீபன்.

“ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே.” ஜெனிஷின் முகத்தில் முதல் முறையாகக் கோபம் தெரிந்தது. “நீங்க ஆறு பேரு இருக்கீங்க. யாருக்கு எந்த எடத்துல ஆள் வேணும்னு எனக்குத் தெரியாது. நான் ஒண்ணச் சொல்லுவேன், அது உங்களுக்கு வேண்டாம்னா? நான் ஊருக்குப் போக வேண்டியதுதான். நீங்க அடுத்த ஆளைக் கூப்பிடுவீங்க.”

அவர் சொன்னது சரியான கணக்கு.

நான் கேள்வியை மாற்றினேன். “காலேஜ் டீம் ஜெயிச்சுட்டு இருக்கும்போது கோச் உங்களை எங்க நிறுத்துவார்?”

“ரெண்டு பேக்குக்கு முன்னால. நடுவுல.”

“தோத்துட்டு இருக்கும்போது?”

கொஞ்சம் யோசித்தார். “அங்கதான்.”

“லெஃப்ட் பேக், சென்டர் பேக்?”

“அது யாருக்காவது அடிபட்டாக்க.”

கந்தீபன் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். “இதை முதலே சொல்லுறதுக்கென்ன?”

“இப்பிடி யாரும் கேக்கலியே அண்ணே” என்றார் ஜெனிஷ்.

4. ஒரு பத்தி

டிராஃப்டுக்கு முன் ஒவ்வோர் ஆட்டக்காரர் பற்றியும் ஒரு சிறு அறிமுகம் எழுதி ஆறு கம்பெனிக்கும் அனுப்புவார்கள். பத்திரிகையில் இருந்தவள் என்பதால் அது என் வேலை. செயலாளர் என்பதால் அனுப்புவது ராஜமாணிக்கம் சார்.

ஜெனிஷ் பற்றி ஆங்கிலத்தில் எழுதினேன்: இடது கால். பின்வரிசைக்கு முன்னால், நடுவில் நிற்பவர். டிரயலின் இரண்டாம் பாதியில் அவர் அங்கே நின்றபோது எதிரணி ஸ்ட்ரைக்கர் நடுவில் ஆட முடியாமல் ஓரத்துக்குப் போனார். தேவைப்பட்டால் மற்ற இடங்களிலும் ஆடுவார்.

கந்தீபன் வாசித்தார். “கடைசி வசனத்தை வெட்டுங்கோ அக்கா. அது ஹெல்பர் வசனம்.”

வெட்டினேன்.

சாரின் கேபினுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார். ஜெனிஷ் பற்றிய பத்திக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இதை வாசிச்சா ரெண்டாவது ரவுண்டுல நம்ம முறை வர வரைக்கும் எவனும் விட்டு வைக்க மாட்டான்.”

“நான் பாத்ததைத்தான் எழுதியிருக்கேன் சார்.”

“நீங்க நம்ம டீமுக்கு மேனேஜரா, இல்ல இன்னும் பேப்பர்லதான் இருக்கீங்களா?”

திருத்தும் அதிகாரம் அவருக்கு இருந்தது. ‘எனி பொசிஷன்’ என்று இரண்டு வார்த்தை போட்டால் போதும், அதில் பொய்யும் இல்லை. ஜெனிஷே சொன்னதுதான். சார் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ வந்தது, குடித்தார். பிறகு ஒரு எழுத்தும் மாற்றாமல் ஆறு கம்பெனிக்கும் அனுப்பினார்.

“கிளம்புங்க. மெஸ்ல பாத்திரம் கழுவுற மெஷின் ரெண்டு நாளா ஓடலையாம், அதைப் பாருங்க” என்றார்.

5. டிராஃப்ட்

குலுக்கிப் போட்டதில் எங்கள் முறை நான்காவதாக வந்தது. முதல் கம்பெனி ஒரு கோல்கீப்பரை எடுத்தது. இரண்டாவது கம்பெனி ஷாஃபியை எடுத்தது. ராஜமாணிக்கம் சார் பேனாவை மூடினார்.

மூன்றாவது ஒரு கோல்ட் ஸ்டோர் கம்பெனி, இறைச்சியும் மீனும் வைக்கிற குளிர்பதனக் கிடங்கு. மேனேஜர் நதீம் பாய், லாகூர்க்காரர். என் பத்தியைக் கையில் வைத்திருந்தார். “சிஸ்டர், பக்கா?” என்று என்னிடம் கேட்டார்.

“பக்கா” என்றேன்.

“ஜெனிஷ்” என்றார்.

எங்கள் முறை வந்தது. சாரும் கந்தீபனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “யல்லா, ஆகட்டும், இனி யாரு மிச்சம் இருக்கா?” என்றார் சார். கும்பகோணத்துப் பையன் ஒருவரை எடுத்தோம், ரைட் விங். நல்ல பையன். கோல்தான் அடிக்க மாட்டார்.

படியில் இறங்கும்போது நான் சாரிடம், “ரெண்டு பேரும் போயிட்டாங்க சார்” என்றேன்.

“போவட்டும். நீங்க எழுதுனதுல தப்பு இருந்திருந்தா திருத்தியிருப்பேன். இல்லையே.”

அதற்குப் பிறகு அவர் ரிடையர் ஆகித் திருநெல்வேலிக்குப் போகும் வரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. டீம் தோற்ற மேட்ச்களுக்குப் பிறகுகூட எடுத்ததில்லை. இந்த வேலையில் எனக்கு நல்ல மேலதிகாரிகள் கிடைத்தார்கள். அவர்களில் முதலாவதாக நான் சொல்லும் பெயர் அவருடையது. கந்தீபன் இன்னும் எங்கள் கோச். எனக்கு ஃபுட்பால் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். “அக்காவுக்கு ஆஃப்சைட் இன்னும் விளங்காது” என்று அவரும் எல்லோரிடமும் சொல்கிறார்.

வெல்ஃபேர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எதிரில் உட்கார்ந்திருப்பவர் ‘எனி ஒர்க்’ என்று சொன்னால், அவருக்கு எல்லாம் தெரியும் என்றும் எழுதாதீர்கள், ஒன்றும் தெரியாது என்றும் எழுதாதீர்கள். அது பயத்தில் வருகிற பதில். ‘நீங்கள் ஒரு நாள் லீவு போட்டால் சைட்டில் எந்த வேலை நின்றுபோகும்?’ என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் இதற்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு ஜெனிஷிடமிருந்து கிடைத்தது.

மாதக் கடைசியில் அவர் கூட வேலை பார்த்தவர்கள் ஊருக்கு விமானம் ஏறினார்கள். ஜெனிஷ் மெடிக்கல் முடித்து கோல்ட் ஸ்டோரில் சேர்ந்தார். விசா அடித்த அன்று போன் செய்து, “அக்கா, குளிருக்குக் கோட்டு தந்திருக்கானுவ, துபாய்ல” என்று சிரித்தார்.

லீக்கின் கடைசி மேட்ச் எங்களுக்கும் அவர்களுக்கும். நதீம் பாயின் டீம் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஜெனிஷ் முழு நேரமும் ஆடினார், நான் எழுதிய இடத்தில் இல்லை, சார் சொன்ன லெஃப்ட் பேக்காக.