தாயத்து கட்டிய விமானம்

அம்மாவின் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். விடுமுறையில் செங்கல்பட்டுக்கு வரும்போதெல்லாம் பெட்டி நிறைய சோப்பு, சென்ட், நைலான் புடவை என்று அள்ளிக்கொண்டு வருவார். நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் அந்த மாமா ஒரே ஒரு நீண்ட அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். அம்மா ஆசையாகப் பிரித்துப் பார்த்தால், உள்ளே கட்டுக் கட்டாகக் குச்சியும் பலகையும்.

"இன்னா மாப்ளே, சிங்கப்பூர்ல வெறகு சல்லிசா கீதா?" என்றார் அத்தா. அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

அது விறகில்லை, விமானம். உலகப் போரில் பறந்த சண்டை விமானம் ஒன்றின் மாதிரி. பால்சா என்ற மரம். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. எல்லாவற்றையும் ஒட்டி முடித்தால் இறக்கை ஒரு ஆள் நீளம் வரும். மூக்கில் நிஜ இன்ஜின். தரையில் நின்றுகொண்டு, ஏரியல் நீட்டிய ஒரு பெட்டியில் குச்சிகளை அசைத்தால், மேலே அது வளையும், ஏறும், இறங்கும். ரேடியோவால் ஓடுகிறது என்று மாமா சொன்னதும் பாட்டும் வருமா என்று கேட்டேன். வராது என்றார். எனக்குக் கொஞ்சம் மதிப்புக் குறைந்துவிட்டது.

அன்று முதல் எங்கள் கூடம் மாமாவுடையது. வரைபடத் தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் குச்சிகளைக் குண்டூசியால் குத்தி வைத்து ஒட்டுவார். நாங்கள் சமையலறையில் நெருக்கிக்கொண்டு சாப்பிட்டோம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. அந்தத் தூளில் அம்மா ஓயாமல் தும்முவார். இன்ஜினுக்கு மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். மெத்தனாலை மாமா மெட்ராசில் வாங்கி வந்தார். விளக்கெண்ணெய்க்கு எங்கள் வீட்டுப் புட்டியிலேயே கைவைத்தார். "பசங்க வயித்துக்கு ஊத்தறத ஏரோப்ளேனுக்கு ஊத்தறான்" என்று அத்தா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அதில் பரம சந்தோஷம். முழுப் புட்டியையும் அதற்கே ஊற்றிவிடும்படி மாமாவிடம் தனியாகக் கேட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் அம்மாவுக்கு ஒரே பாட்டு: கப்பல் வேலையை விட்டுவிடு. அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. தம்பியை அம்மாதான் வளர்த்தார். முந்தின வருடம் அவர் போன கப்பல் புயலில் மாட்டி, வெகுநாள் ஒரு கடிதமும் வரவில்லை. அம்மா அப்போது சரியாகச் சாப்பிடவேயில்லை. அத்தாவின் துணிக்கடையில் வந்து உட்கார்ந்தால் என்ன என்று அம்மா தினமும் கேட்பார். ஒரு நாள் மாமா பசைக் கையோடு எழுந்து வந்து சொன்னார்:

"அக்கா, இப்பிடி வெச்சுக்கலாம். இது பறக்காம வுழுந்துச்சுன்னா நான் கப்பலுக்குப் போவல, மச்சான் கடையில வந்து குந்திக்கறேன். பறந்துடுச்சுன்னா நீ வாயே தொறக்கக் கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மரக்குச்சியாவது, பறப்பதாவது! அத்தாவும் கடையில் மாமா உட்கார இடம் ஒதுக்கத் தொடங்கினார். அதே அத்தாதான், இறக்கையில் ஒட்ட மெல்லிய பட்டு வேண்டும் என்று மாமா கேட்டபோது, கடை அலமாரியைக் கவிழ்த்துப் போட்டு, இருப்பதிலேயே லேசான துணியைத் தேடிக் கொண்டுவந்தார். பட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டியது அம்மா. தையல் தெரிந்த கை. வால் பகுதியை, மாமா டீ குடிக்கப் போயிருந்தபோது, அம்மா தனியாகவே முடித்துவிட்டார். மேலே ஒரு மருந்து பூசினார்கள். காய்ந்ததும் பட்டு முரசு மாதிரி விறைத்துக்கொண்டது.

மாமா கிளம்ப வேண்டிய வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினோம். இறக்கையைக் கழற்றி என் மடியிலும் அத்தா மடியிலும் கிடத்தினோம். கண்டக்டர் பார்த்துவிட்டு, "திருக்கழுக்குன்றத்துல ரெண்டு கழுகுதான் சோறு துன்ன வருது. மூணாவதா இத்தக் கூட்டிகினு போறீங்களா பாய்?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியிருந்தது. ஈர மணல் சிமெண்ட் தரை போலக் கெட்டியாக இருந்தது. படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டு வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். மாமா இறக்கையை மாட்டி, பறக்கவிடுமுன் கடைசியாக, இரண்டு விரல் நுனிகளை இறக்கைக்கு அடியில் கொடுத்து விமானத்தைத் தூக்கினார். அது தராசு முள் மாதிரி நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. வால் தொபுக்கென்று கீழே தொங்கியது.

"பட்டு ஒட்றதுக்கு முன்ன கூடத்துல சரியா இருந்துச்சே!" மாமாவுக்கு வேர்த்துவிட்டது. வால் கனத்தால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே விழுந்துவிடுமாம்.

"அப்போ பறக்காது. சொன்ன சொல்லு சொன்னதுதான், நாளைக்கே கடைக்கு வந்துடு" என்றார் அத்தா.

மாமா வாலைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அடிப்பக்கம் வண்ணம் பூசாத வெறும் பட்டு. அதற்குள்ளே கட்டைவிரல் தடிமனில் ஏதோ ஒன்று நிழலாகத் தெரிந்தது. மாமா அம்மாவைப் பார்த்தார்.

அம்மா துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். "தாயத்துடா. தர்காவுல ஓதி வாங்கியாந்தேன். இவ்ளோ பாடுபட்டு செஞ்சுகினு கீற, கண்ணு பட்டு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடப் போவுதேன்னு..."

"அறுத்து எடுத்துட்டா ஆச்சு அண்ணாத்த" என்றார் வலைக்காரர் ஒருவர்.

மாமா மடக்குக் கத்தியை எடுத்தார். வாலில் வைத்தார். பிறகு மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வேணாம். அது இருக்கட்டும். வலையில கட்ற ஈயக்குண்டு இருந்தா கொஞ்சம் குடுங்க."

"குண்டு கட்டினது எல்லாம் தண்ணிக்குள்ளதான் போவும், பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே ஒரு கைப்பிடி கொடுத்தார் அவர். மாமா அதை மூக்குக்குள் திணித்து அடைத்தார். இப்போது விமானம் விரல் நுனியில் நேராக நின்றது. ஆனால் கனத்துவிட்டது. அதோடு எழும்புமா என்று மாமாவுக்கே தெரியவில்லை.

எனக்கு அது பறக்கவும் வேண்டும், மாமா போகாமல் இருக்கவும் வேண்டும். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

இன்ஜின் அலறியது. காற்று வந்த தென்திசை நோக்கி விமானம் மணலில் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. நான் கண்ணைத் திறந்தபோது சக்கரத்துக்கும் மணலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஏறிவிட்டது! கடலுக்கு மேல் போய், இறக்கை சாய்த்து, சூரியன் பட்டுப் பளபளத்துத் திரும்பியது. அப்போது இன்ஜின் இரண்டு முறை இருமியது. விமானம் அலைக்கு மேலே சரசரவென்று இறங்கியது.

படகு நிழலில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து ஓடிவந்தார். செருப்பு ஒரு பக்கம், துப்பட்டி ஒரு பக்கம்.

"தூக்குடா தம்பி! மேல தூக்குடா! வுட்றாதடா!"

அத்தனை பேர் நடுவில் அம்மா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்ஜின் மறுபடி பிடித்துக்கொண்டது. விமானம் கரைக்கு மேல் வட்டமடித்து இறங்கி, மணலில் குதித்து, ஒரு சக்கரத்தை உதிர்த்துவிட்டு எங்கள் பக்கமாகவே வந்து நின்றது. வலைக்காரர்கள் விசிலடித்தார்கள். அத்தா, தான் தோற்றதையே மறந்து, பக்கத்தில் நின்றவரிடம் "பட்டு நம்ம கடைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு, "எப்போ கெளம்பற?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மா அழுதார். பந்தயத்தில் தோற்றவர் அழுவது எனக்கும் தெரிந்த விஷயம்தான். கோலியில் தோற்றால் நானும் அழுவேன். அதனால் அம்மாவின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன்.

"அழாதம்மா. அடுத்த தபா கண்டிப்பா கடல்ல வுழுந்துடும்."

சுரீரென்று முதுகில் ஒரு அறை விழுந்தது. அடித்த கையாலேயே என்னை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டு, செங்கல்பட்டு வரும்வரை அம்மா விடவில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு என்று, மூச்சு முட்ட, யோசித்துக்கொண்டே வந்தேன்.